ஊர் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட சம்மன் செல்லுமா?

நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவர் பன்னிரண்டு ஆண்டுகளாக மனைவி, பிள்ளைகளோடு திருப்பூரில் குடியிருக்கிறார். மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் உள்ள பூர்வீகச் சொத்துக்காக அவருடைய அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, தம்பியின் விலாசமாக ஊர் வீட்டையே பிராதில் (வழக்கு மனுவில்) காட்டியிருக்கிறார். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் அம்மாவும் அண்ணன் குடும்பமும். கோர்ட்டிலிருந்து சம்மனோடு வந்தவரிடம் அம்மா, "அவன் இங்கே இல்லப்பா, திருப்பூர்ல இருக்கான்" என்று சொல்லித் தாளை வாங்க மறுத்திருக்கிறார். வந்தவர் அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இவருக்கு அனுப்பியிருக்கிறான். வாய்தாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. "நீ கையெழுத்துப் போடாத வரைக்கும் கேஸ் நகராது, பேசாமல் இரு" என்று உறவினர் ஒருவர் சொல்கிறாராம். அது சரியா என்பதுதான் கேள்வி.

உறவினர் சொல்வது தவறு; அதன்படி நடந்தால் பெரிய இழப்பில் முடியலாம். அதே சமயம், அந்தக் கதவில் ஒட்டிய விதம் சட்டப்படி சரியாக நடந்ததா என்பதிலும் எனக்கு வலுவான ஐயம் உண்டு. சம்மன் சார்பு செய்யப்பட்டதில், அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதில், குறை இருக்கிறது என்பது ஒரு செய்தி. அந்தக் குறையை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கலாமா என்பது வேறு செய்தி. மாவட்ட நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் உரிமையியல் வழக்குகள் நடத்திய அனுபவத்தில், இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சொத்தை இழந்தவர்களை நான் பார்த்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் ஒரு வழக்கை நடத்தித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதுதான் இந்த நடைமுறை முழுவதற்கும் அடிப்படை. அதனால்தான் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் சம்மனுக்கென்றே 5-வது கட்டளை (Order) என்ற விதிகளின் தொகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறது. நீதிமன்றத் தமிழில் இதைச் 'சார்பு செய்தல்' என்பார்கள். சப் கோர்ட்டைக் குறிக்கும் 'சார்பு நீதிமன்றம்' என்ற பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதிதாக வழக்குக் கட்டைப் படிப்பவர்கள் பலர் இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். சார்பு செய்தல் என்றால், நீதிபதி அல்லது அவர் நியமித்த அலுவலரின் கையொப்பமும் நீதிமன்ற முத்திரையும் உள்ள சம்மன் நகலை, பிராதின் நகலோடு சேர்த்துப் பிரதிவாதியிடம் கொடுப்பது அல்லது கொடுக்க முன்வருவது. 'கொடுக்க முன்வருவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். உரியவரிடம் நீட்டிய தாளை அவர் வாங்கவில்லை என்பதால் சார்பு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பிராது நகல் இல்லாமல் வெறும் சம்மன் தாள் மட்டும் வந்திருந்தால் அது ஒரு குறைதான். அதை முதல் வாய்தாவிலேயே சொல்லி நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சம்மனைக் கொண்டுவருபவரை மக்கள் அமீனா என்பார்கள். அலுவலகப் பெயர் கட்டளை நிறைவேற்றுநர். வாதி அதற்குரிய பட்டாக் கட்டணத்தை (சம்மன் அனுப்பும் செலவு; நிலப் பட்டா அல்ல) கட்டிய பிறகு, நீதிமன்றத்தில் சம்மன் வேலையைக் கவனிக்கும் நசீர் அலுவலகத்தின் வழியாக அவருடைய கைக்குச் சம்மன் வரும். கட்டணம் கட்டாமல் வாதி இழுத்தடித்து, அதனால் சம்மன் சார்பாகாமல் போனால் வழக்கையே தள்ளுபடி செய்ய 9-வது கட்டளை இடம் கொடுக்கிறது. சார்பாகாமல் திரும்பிய சம்மனுக்குப் பதில் 7 நாளுக்குள் புதுச் சம்மன் கேட்காவிட்டாலும் அதே நிலைதான். ஆள் வழியாக அனுப்புவது ஒரு வழி. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், விரைவுத் தபால், நீதிமன்றம் ஏற்ற கூரியர், மின்னஞ்சல் ஆகியவை மற்ற வழிகள். கூரியரும் மின்னஞ்சலும் 2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களால் சேர்ந்தவை. பதிவுத் தபாலை அஞ்சல் துறை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டது என்பதால் இனி வருபவை பெரும்பாலும் விரைவுத் தபால் உறைகளாகவே இருக்கும். வாதியே நேரில் சார்பு செய்ய அனுமதி பெறுவதும், வழக்கறிஞர் பிரைவேட் நோட்டீஸ் அனுப்பிவிட்டு அதற்கான உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்வதும் நம் நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பவை.

இனி உங்கள் வீட்டு வாசலில் நடந்ததற்கு வருகிறேன். சட்டம் ஒரு வரிசையை வைத்திருக்கிறது. அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க அமீனாவுக்கு அதிகாரம் இல்லை. கூடிய மட்டும் பிரதிவாதியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பது 5-வது கட்டளையின் 12-வது விதி. அவர் வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் வருவார் என்றும் எதிர்பார்க்க முடியவில்லை, அவர் சார்பில் வாங்க அதிகாரம் பெற்ற முகவரும் இல்லை என்றால்தான், 15-வது விதிப்படி அவரோடு சேர்ந்து வசிக்கும் குடும்பத்தின் வயதுவந்த உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்கலாம். ஒரு காலத்தில் இது ஆண் உறுப்பினர் என்றே இருந்தது. மனைவியிடமோ தாயிடமோ கொடுத்தது செல்லாது என்று வாதாட அப்போது இடமிருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆணானாலும் பெண்ணானாலும் போதும் என்று மாற்றியது. வீட்டு வேலையாள் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று அந்த விதியின் விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது.

இதில் உங்களுக்கு முக்கியமான சொற்கள் 'அவரோடு சேர்ந்து வசிக்கும்' என்பவை. உங்கள் தாயார் உங்களோடு வசிக்கவில்லை. உங்கள் மீது வழக்குப் போட்டிருக்கும் அண்ணனோடு வசிக்கிறார். ஆகவே அவர் தாளை வாங்கியிருந்தால்கூட அது உங்களுக்குச் செய்த சார்பு ஆகாது என்று சொல்ல இடமுண்டு. அவர் வாங்க மறுத்தது நீங்கள் மறுத்ததாகவும் ஆகாது. அந்த அம்மையாரிடம் இதற்காக யாரும் கோபப்பட வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நின்று, கையில் தாளோடு வந்த அரசாங்க ஆளுக்கு அவர் சொன்ன பதில் உண்மையான பதில். உங்கள் வழக்குக்கு நன்மை செய்த பதிலும்கூட. அதற்குக் காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

கதவில் ஒட்டுவது 17-வது விதி. பிரதிவாதியோ அவருடைய முகவரோ கையெழுத்திட மறுத்தால், அல்லது முறையாகவும் முயற்சியோடும் தேடியும் பிரதிவாதி கிடைக்காமல், அந்த வீட்டில் அவரை நியாயமான காலத்துக்குள் காண முடியாது என்ற நிலையில், வேறு யாரிடமும் கொடுக்க வழியில்லை என்றால்தான் ஒட்டலாம். ஒட்டும் இடம், அவர் வழக்கமாக வசிக்கும் வீட்டின், அல்லது தொழில் செய்யும் இடத்தின், வெளிக்கதவாகவோ கண்ணில் படும் வேறு பகுதியாகவோ இருக்க வேண்டும். நீங்கள் பிறந்த வீடு, ரேஷன் அட்டையில் முன்பு பெயர் இருந்த வீடு, திருவிழாவுக்கு வந்து தங்கும் வீடு ஆகியவை 'வழக்கமாக வசிக்கும் வீடு' ஆகிவிடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டு திருப்பூர் வாழ்க்கைக்கு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வாக்காளர் அட்டை, எரிவாயு இணைப்பு என்று ஏதேனும் ஒரு சான்றாவது இருக்கும். அவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். ஆதாரில் மட்டும் ஊர் விலாசம் மாறாமல் இருந்தால் அண்ணன் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

ஒட்டிய பிறகு அமீனா மூலச் சம்மனின் மேல் ஓர் அறிக்கை எழுத வேண்டும். எப்போது, எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், அந்த வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பவை பெயர், விலாசத்தோடு அதில் இருக்க வேண்டும். 'பிரதிவாதி இல்லை, கதவில் ஒட்டப்பட்டது' என்று ஒற்றை வரியில் எழுதித் திருப்பும் பழக்கம் உண்டு; அப்படிப்பட்ட அறிக்கை சட்டம் கேட்பதற்கு மிகவும் குறைவு. பிறகு 19-வது விதிப்படி நீதிமன்றம் அந்த அறிக்கையைப் பரிசீலிக்க வேண்டும். அறிக்கையோடு உறுதிமொழிப் பத்திரம் இல்லை என்றால் அமீனாவைப் பிரமாணத்தின் மேல் விசாரித்தே ஆக வேண்டும். அதன் பிறகுதான் சம்மன் முறையாகச் சார்பு செய்யப்பட்டது என்று அறிவிக்கவோ, வேறு வழியில் சார்பு செய்ய உத்தரவிடவோ முடியும். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது வழக்குகளை அழைக்கும் நீதிமன்றத்தில் இந்தப் பரிசீலனை பல நேரம் சடங்காகிப் போகிறது என்பது வருத்தமான உண்மை. ஒரு குடும்பத்தின் சொத்தை முடிவு செய்யும் படி அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. அந்த நிமிடத்தை அவசரத்தில் கடப்பதை என்னால் ஏற்க முடிந்ததில்லை. உங்கள் தாயார் "திருப்பூரில் இருக்கிறான்" என்று சொன்னதை அமீனா அறிக்கையில் எழுதியிருந்தால், அந்த வீடு உங்கள் வசிப்பிடம் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. எழுதாமல் விட்டிருந்தால், ஏன் விட்டார் என்று அவரைக் கேட்கலாம். ஆகவே அந்த மூலச் சம்மனின் பின்பக்கக் குறிப்புக்குச் சான்றிட்ட நகல் வாங்குவது உங்கள் வழக்கறிஞர் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் என்ஸ்டெப் செயலி மூலம், சம்மன் கொண்டுசெல்பவர் எந்த இடத்தில் நின்று பதிவு செய்தார் என்பது ஜிபிஎஸ் குறிப்போடு ஏறும் ஏற்பாடும் இப்போது வந்திருக்கிறது. அது பயன்பாட்டில் உள்ள நீதிமன்றங்களில், போகாமலே போனதாக எழுதுவது முன்போல எளிதல்ல.

இவ்வளவு குறைகளும் இருக்கும்போது ஏன் பேசாமல் இருக்கக்கூடாது என்கிறேன்? நீங்கள் ஆஜராகாவிட்டால், அந்த அறிக்கையை மட்டும் பார்த்துச் சார்பு ஆகிவிட்டது என்று நீதிமன்றம் பதிவு செய்து, உங்களை எக்ஸ் பார்ட்டி (வராத தரப்பு) ஆக்கி, அண்ணனின் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்கும் வழி 9-வது கட்டளை 13-வது விதி. சம்மன் முறையாகச் சார்பாகவில்லை, அல்லது வர முடியாமல் போனதற்குப் போதிய காரணம் இருந்தது, இந்த இரண்டில் ஒன்றை நீங்கள் நிறுவ வேண்டும். ஆனால் அந்த விதியிலேயே 1976-இல் ஒரு காப்புரை சேர்க்கப்பட்டது: விசாரணைத் தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் கருதினால், சார்பு செய்ததில் ஒழுங்கின்மை இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்யக்கூடாது. உங்கள் கைப்பேசியில் இருக்கும் அந்தப் படத்தில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் வாய்தா தேதியும் தெரிகின்றன. உங்களுக்கு அது வந்து சேர்ந்த நாளும் பதிவாகியிருக்கிறது. நாளைக்கு உங்கள் மனுவில் "எனக்கு வழக்கே தெரியாது" என்று பிரமாணம் செய்து எழுத உங்களால் முடியாது. எழுதினால் அது பொய்ப் பிரமாணம். படம் அனுப்பிய பையனையோ தாயாரையோ கூண்டில் ஏற்றினால் உண்மை வெளிவந்துவிடும். இதே காப்புரையையும், ஒழுங்காக விலாசம் எழுதி அனுப்பிய தபால் போய்ச் சேர்ந்ததாகச் சட்டம் செய்யும் அனுமானத்தையும் கவனிக்காமல் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்த ஒருதலைப்பட்ச விவாகரத்துத் தீர்ப்பாணையை, 2011-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது.

காலவரம்பும் உண்டு. ரத்து மனுவைத் தீர்ப்பாணைத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 123-வது கூறு. சம்மன் முறையாகச் சார்பாகாதிருந்தால் தீர்ப்பாணையைப் பற்றி அறிந்த நாளிலிருந்து 30 நாள். செய்தித்தாளில் விளம்பரம் போன்ற பதிலிச் சார்பு இந்தக் கூறின் கணக்குக்கு முறையான சார்பாகக் கருதப்படாது என்று அங்கேயே ஒரு விளக்கம் இருக்கிறது. காணாமலே விளம்பரத்தில் தீர்ப்பு வாங்கப்பட்டவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெரிய பாதுகாப்பு அது. வழக்கறிஞர்களே சிலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பதிலிச் சார்பைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். சம்மனைத் தவிர்ப்பதற்காகவே பிரதிவாதி ஒளிந்து திரிகிறார், அல்லது வேறு காரணத்தால் வழக்கமான முறையில் சார்பு செய்ய முடியவில்லை என்று நீதிமன்றம் நம்பக் காரணம் இருந்தால், 5-வது கட்டளையின் 20-வது விதிப்படி நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கடைசியாக வசித்த வீட்டிலும் ஒட்டவோ, அவர் கடைசியாக வசித்ததாகத் தெரிந்த பகுதியில் பரவலாக வரும் நாளிதழில் விளம்பரம் செய்யவோ உத்தரவிடலாம். அப்படிச் செய்தது நேரில் கொடுத்ததற்குச் சமம். உங்கள் வழக்கில் அடுத்த வாய்தாவில் நீங்கள் வராமல் இருந்து, ஒட்டியதை நீதிமன்றம் ஏற்காமல் விட்டாலும், அண்ணன் இந்த வழிக்குத்தான் போவார். மதுரைப் பதிப்பில் வரும் விளம்பரம் திருப்பூரில் உங்கள் கண்ணில் படாது. தம்பி எங்கே இருக்கிறான் என்று நன்றாகத் தெரிந்த அண்ணன் ஊர் விலாசத்தைக் கொடுத்து விளம்பரம் வரை போவது நீதிமன்றத்தை ஏமாற்றுவதாகும். உங்கள் திருப்பூர் விலாசத்துக்கு அவர் அனுப்பிய அழைப்பிதழ், பணம், கடிதம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

தபால் உறையைத் திருப்பி அனுப்புபவர்களுக்கும் இங்கே ஒரு சொல். சம்மன் அடங்கிய உறையை வாங்க மறுத்ததாகத் தபால்காரர் எழுதினால், 5-வது கட்டளையின் 9-வது விதிப்படி நீதிமன்றம் அதைச் சார்பு ஆனதாகவே அறிவிக்கும். சரியான விலாசத்துக்கு முறைப்படி ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அட்டை தொலைந்தாலோ 30 நாளுக்குள் திரும்பாவிட்டாலோ அப்படித்தான். கதவு பூட்டியிருந்து, தகவல் கொடுத்தும் தபால் நிலையத்தில் போய் வாங்காமல் திரும்பிய உறைகளையும், காசோலை வழக்குகளில் அறிவிப்பு கிடைத்ததாகவே உச்ச நீதிமன்றம் கருதியிருக்கிறது. 2007-இல் அதன் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னொரு நேர்மையான வழியையும் காட்டியது: வக்கீல் நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்பவர், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் காசோலைத் தொகையைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், அப்படிக் கட்டாதவர் நோட்டீஸ் வரவில்லை என்று பேச முடியாது. வக்கீல் நோட்டீஸ் வேறு, சம்மன் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்னது எதிர்த்தரப்பின் கடிதம். பின்னது நீதிமன்றத்தின் கட்டளை.

வாட்ஸ்அப்பில் வந்தாலே சார்பாகிவிடுமா என்ற ஐயமும் உங்களுக்கு இருக்கும். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மின்னஞ்சலோடு சேர்த்து வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வழியாகவும் அனுப்ப உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு முன்பே, 2018-இல், நோட்டீஸ் அனுப்பப்பட்டுத் திறந்து பார்க்கப்பட்டதை வாட்ஸ்அப் குறி காட்டியதை மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்ட ஒரு வழக்கில் ஏற்றது. குற்ற வழக்குகளுக்கு 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா மின்னணு முறையில் சம்மன் அனுப்ப இடம் தருகிறது; ஆனால் காவல்துறை ஒருவரை விசாரணைக்கு வரச்சொல்லும் 35-வது பிரிவு அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்குப் பையன் அனுப்பிய படம் நீதிமன்றம் செய்த சார்பு அல்ல. அது உங்களுக்கு வழக்குத் தெரியும் என்பதற்கான சான்று மட்டுமே. ஆனால் மேலே சொன்ன காப்புரைக்கு அந்தச் சான்றே போதும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ உங்கள் பெயரையோ போட்டு, வழக்கு உண்மையாகவே பதிவாகியிருக்கிறதா, வாய்தா தேதி அதேதானா என்று பாருங்கள். போலி நீதிமன்றத் தாளைக் கைப்பேசியில் அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டம் பெருகியிருப்பதால் எந்தச் சம்மன் வந்தாலும் இதைச் செய்வது நல்லது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், 16 எழுத்து, எண்கள் கொண்ட சிஎன்ஆர் எண் கிடைத்தால் வழக்கின் ஒவ்வொரு அசைவையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அடுத்து, அந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவருக்கு வக்காலத்துக் கொடுங்கள். வாய்தா அன்று அவர் ஆஜராகி, பிராது நகல் பிரதிவாதிக்குக் கிடைக்கவில்லை, விலாசம் தவறு, திருப்பூர் விலாசம் இது என்று எழுத்தில் பதிவு செய்யட்டும். இது உங்களைப் பலவீனப்படுத்தாது. எதிருரை (பிரதிவாதியின் பதில் மனு) தாக்கல் செய்யச் சம்மன் சார்பான நாளிலிருந்து 30 நாள், காரணம் பதிவு செய்து நீட்டினால் 90 நாள் வரை என்பது விதி. சாதாரண உரிமையியல் வழக்கில் இந்தக் காலவரையறை நெறிகாட்டும் தன்மையது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் கூறியிருந்தாலும், அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். ஒட்டிய நாளையே சார்பு நாளாக வைத்து எதிர்த்தரப்பு கணக்கிடும் என்று எண்ணிக்கொண்டு, அந்த 30 நாளுக்குள் எதிருரையைத் தயாராக வைப்பதே பாதுகாப்பு.

இது பாகப்பிரிவினை வழக்கு என்பதால் இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் வராவிட்டால் உங்கள் பங்கு முழுவதும் போய்விடும் என்று சொல்லமாட்டேன். பிராதிலேயே உங்களுக்கு ஒரு பங்கு காட்டியிருக்கலாம். ஆனால் எத்தனை பங்கு, எந்தச் சொத்து பொது, எது அண்ணனின் சுயசம்பாத்தியம் என்று அவர் எழுதியதே, யாருக்கு எவ்வளவு பங்கு என்று அறிவிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாணையில் நிலைத்துவிடும். அதன் பிறகு நீதிமன்றம் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் வந்து அளக்கும்போது சாலையோரத்து மனை யாருக்கு, கிணற்றடி நிலம் யாருக்கு என்று பேச உங்கள் குரல் அங்கே இருக்காது. நீங்கள் ஆஜரானால் உரிய நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்தி உங்கள் பங்கையும் இதே வழக்கில் பிரித்துக் கேட்கலாம். பட்டியலில் விடுபட்ட சொத்து இருந்தால் சுட்டிக்காட்டலாம். சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி அண்ணனோடு பேசி முடிக்கவும் வழி இருக்கிறது.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கதவில் ஒட்டிய அந்தத் தாளையே, முடிந்தால் கிழியாமல் எடுத்துவரச் சொல்லி, கொண்டுபோங்கள். தாயார் சொன்னதை, அன்றைய தேதி, நேரம், உடன் இருந்தவர் யார் என்பதோடு இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் படத்தை அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு எதிராகப் போகும் என்று நினைத்து அதை அழிப்பவர்கள், ஒட்டிய தேதியை அமீனா தவறாக எழுதியிருந்தால் அதைக் காட்டும் ஒரே சான்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள்.